ராணியும் யானையும் ஒரே அடியில்... ஆனாலும் தோற்பது ஏன்? செஸ்ஸில் குதிரை ‘ஃபோர்க்’ வைக்கும் பொறி

ராத்திரி 11 மணி. ‘ஒரே ஒரு கேம் ஆடிட்டுத் தூங்கலாம்’ என்று போனில் செஸ் ஆப்பைத் திறக்கிறீர்கள். 5 நிமிட ஆட்டம். ஐந்தாவது நகர்த்தலிலேயே அதிர்ஷ்டம் அடிக்கிறது. உங்கள் குதிரை ஒரு கட்டத்தில் குதித்தால் எதிராளியின் ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கும். ரெண்டில் ஒன்று நிச்சயம் நமக்குத்தான். யோசிக்கவே இல்லை, தட்டிவிடுகிறீர்கள்.

அதன் பிறகு எதிராளி ஆடியது மூன்றே மூன்று நகர்த்தல். திரையில் ‘செக்மேட்’ என்று வருகிறது. தோற்றது நீங்கள்.

பக்கத்தில் யாராவது இருந்து பார்த்திருந்தால், “பேராசை பெருநஷ்டம்னு சும்மாவா சொன்னாங்க?” என்று கேட்டிருப்பார்கள். செஸ் கற்கும் குழந்தைகள் இந்தப் பழமொழியை அடிக்கடி கேட்கிறார்கள். ஆனால், நடந்தது உண்மையிலேயே பேராசைதானா? குதிரை ஃபோர்க் ஏன் இவ்வளவு ஆசை காட்டுகிறது? எப்போது அது பொறியாக மாறுகிறது? பார்ப்போம்.

ஃபோர்க் என்றால் என்ன?

ஒரே காய், ஒரே நகர்த்தலில், எதிராளியின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காய்களைத் தாக்குவதுதான் ஃபோர்க். சிப்பாய் முதல் ராணி, ராஜா வரை எல்லா காய்களும் ஃபோர்க் போடலாம். ஆனால், அதில் கில்லாடி குதிரைதான். காரணம் அதன் நடை. ‘ட’ வடிவில் தாவும் இந்தக் காயை வேறு எந்தக் காயும் அதே பாதையில் திருப்பித் தாக்க முடியாது. உங்கள் குதிரை எதிராளியின் ராணியைத் தாக்கினால், அந்த ராணி இருந்த இடத்திலிருந்தே குதிரையை வெட்ட முடியாது. யானைக்கும் மந்திரிக்கும் அதே கதிதான். இன்னொரு குதிரையால் மட்டுமே அது முடியும். நடுவில் ஒரு காயை வைத்துக் குதிரையின் தாக்குதலை மறைக்கவும் முடியாது. அது தாண்டிப் போய்விடும்.

புள்ளிக் கணக்கும் ஆசை காட்டும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் தலா 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது வழக்கமான மதிப்பு. 3 பாயின்ட் காயைக் கொண்டு 5 அல்லது 9 பாயின்ட் காயைப் பிடிக்கலாம் என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டுக்கு வேட்டி சட்டை போட்ட ‘தம்பி’ குதிரை சின்னமானதிலிருந்து, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரை மேல் தனிப் பாசம். புதிதாக ஆடுபவர்கள் முதலில் ரசித்துக் கற்கும் வித்தையும் பெரும்பாலும் குதிரை ஃபோர்க்தான். மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

இனி வரும் உதாரணங்களைப் பலகையில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். வெள்ளை ஆடுபவரின் பக்கத்திலிருந்து இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு வரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

பொறி 1: ஒரு ஷில்லிங் பந்தயம்

தொடக்கத்தில் சொன்ன ஆட்டம் இதுதான்.

வெள்ளை, ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இ4-க்கு நகர்த்துகிறது. கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து இ5 சிப்பாய்க்குக் காவல் நிற்கிறது. வெள்ளை மந்திரி சி4-க்கு வருகிறது. இதுவரை எல்லாம் நமக்குப் பழகிய ‘இத்தாலியன்’ தொடக்கம்.

இப்போது கறுப்பு ஒரு விநோதமான வேலை செய்கிறது. சி6-ல் இருந்த குதிரையை டி4-க்குத் தூக்கிப் போடுகிறது. இ5 சிப்பாய்க்கு இருந்த ஒரே காவலும் போய்விட்டது. ‘மறந்துட்டான் போல’ என்று வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு ராணி ஜி5-க்குப் பாய்கிறது. அங்கிருந்து வெள்ளையின் குதிரை மீது ஒரு கண், ஜி2 சிப்பாய் மீது ஒரு கண்.

அப்போதுதான் அந்த ஃபோர்க் கண்ணில் படுகிறது. குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டினால் ஜி5 ராணிக்கும் அடி, ஹெச்8 யானைக்கும் அடி! தாக்கப்பட்ட குதிரையும் தப்பிக்கிறது, ஒரு சிப்பாயும் கிடைக்கிறது, மேலே ஃபோர்க் வேறு. ஒரே கல்லில் மூன்று மாங்காய். வெட்டியாச்சு.

கறுப்பு ராணி நிதானமாக ஜி2 சிப்பாயை வெட்டுகிறது. இப்போது வெள்ளையின் ஹெச்1 யானைக்கு ஆபத்து. யானையை எஃப்1-க்கு நகர்த்துகிறார்கள். கறுப்பு ராணி இ4 சிப்பாயை வெட்டி செக் சொல்கிறது. வெள்ளை மந்திரி இ2-க்கு வந்து மறைக்கிறது. கறுப்புக் குதிரை டி4-லிருந்து எஃப்3-க்குத் தாவுகிறது. செக்மேட்.

எப்படி? இ2 மந்திரி நகர்ந்தால் ராணியின் பாதை திறந்துவிடும் என்பதால் அது குதிரையை வெட்ட முடியாது. வெட்டக்கூடிய ஜி2 சிப்பாய் ஏற்கெனவே காலி. ராஜாவைச் சுற்றியிருக்கும் கட்டங்கள் எல்லாவற்றிலும் அவருடைய ஆட்களே நிற்கிறார்கள். சொந்தப் படைக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகிறார் ராஜா. எஃப்7-ல் ஃபோர்க் போட்ட குதிரை இன்னமும் அங்கேதான் நிற்கிறது. யானையும் கிடைக்கவில்லை, ராணியும் கிடைக்கவில்லை.

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்து மாஸ்டர் ஜோசப் ஹென்றி பிளாக்பர்னின் பெயரால் இது ‘பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட்’ என்று அழைக்கப்படுகிறது. காபி கடைகளில் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டி ஆட வருபவர்களை அவர் இதை வைத்து வீழ்த்தினார் என்று ஒரு கதை உண்டு.

தப்பிக்க வழி? ரொம்ப சாதாரணம். குதிரை டி4-க்கு வந்த உடனே, இ5 சிப்பாயை மறந்துவிட்டு, உங்கள் எஃப்3 குதிரையால் அந்த டி4 குதிரையை வெட்டுங்கள். கறுப்பு, சிப்பாயால் திருப்பி வெட்டும். அடுத்து காஸ்லிங் செய்துகொள்ளலாம். உங்கள் மந்திரி வெளியே வந்துவிட்டது, ராஜா பத்திரம். கறுப்போ ஒரு காயைக்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை. பொறி வைத்தவருக்குத்தான் நஷ்டம்.

பொறி 2: பாதிரியாரின் பதிலடி

அதே இத்தாலியன் தொடக்கம். இந்த முறை கறுப்பு மூன்றாவது நகர்த்தலில் இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது. வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவி எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. அடுத்து எஃப்7-ஐ வெட்டினால் டி8-ல் இருக்கும் ராணிக்கும் ஹெச்8 யானைக்கும் ஃபோர்க். யூடியூப் பார்த்து செஸ் கற்றவர்கள் எல்லோருக்கும் இந்தத் தாக்குதல் தெரிந்திருக்கும்.

கறுப்பு அதைத் தடுக்க வேண்டும் இல்லையா? தடுக்கவில்லை. ஒன்றுமே நடக்காதது போல மந்திரியை சி5-க்கு எடுத்து வைக்கிறது. ‘இந்தா, எடுத்துக்கோ’ என்று அர்த்தம்.

குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது. ஃபோர்க் விழுந்தாச்சு. பதிலுக்குக் கறுப்பு மந்திரி எஃப்2 சிப்பாயை வெட்டி செக் சொல்கிறது. ராஜா அந்த மந்திரியை வெட்டினால், கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டி மறுபடி செக். ராஜா ஜி1-க்கு ஒதுங்குகிறார். இப்போது, ஃபோர்க்கில் சிக்கியிருந்த அதே கறுப்பு ராணி, ஹெச்4-க்குப் பறந்துவந்து எஃப்2-ல் மேட் மிரட்டல் விடுக்கிறது. ‘நமக்கு வரவேண்டிய யானை’ என்று இந்த நேரத்தில் ஹெச்8-ஐ வெட்டினால் அடுத்த நகர்த்தலிலேயே கதை முடிந்தது.

செக் நாட்டைச் சேர்ந்த கரேல் டிராக்ஸ்லர் 1890-ல் ஆடிய ஆட்டத்திலிருந்து இதற்கு ‘டிராக்ஸ்லர்’ என்று பெயர் வந்தது. அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது கூடுதல் சுவாரசியம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே உள்ள நிலையில் வெள்ளை உடனே தோற்றுவிடாது. சரியான பதில்கள் தெரிந்தால் தாக்குப்பிடிக்கலாம். ஆனால், 5 நிமிட ஆட்டத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஃபோர்க்கைத் தள்ளிவைத்துவிட்டு, சி4 மந்திரியால் எஃப்7-ஐ வெட்டி முதலில் செக் சொல்வதுதான் வெள்ளைக்கு நல்லது என்பது கணினிகளின் பரிந்துரை. அந்த ‘செக்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறி 3: விழாமலே போகும் ஃபோர்க்

எல்லா தவறான ஃபோர்க்கும் மேட்டில் முடிவதில்லை. சில வெறும் நேர விரயம். ஜார்ஜிய கிராண்ட் மாஸ்டர் பாதூர் ஜோபாவாவின் பெயரில் வழங்கும் ‘ஜோபாவா லண்டன்’ தொடக்கத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வெள்ளை டி4, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு டி5. வெள்ளை மந்திரி எஃப்4, கறுப்பு இ6. உடனே வெள்ளைக் குதிரை பி5-க்குத் தாவுகிறது. அடுத்து சி7 சிப்பாயை வெட்டினால் ராஜாவுக்கு செக், ஏ8 யானைக்கும் அடி. எஃப்4 மந்திரி காவல் நிற்பதால் ராணியாலும் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. கனவு போன்ற ஃபோர்க்.

ஆனால் இப்போது ஆட வேண்டியது கறுப்பு. மந்திரியை பி4-க்குக் கொண்டுபோய் செக் சொல்கிறது. வெள்ளை சி3-ல் சிப்பாயை வைத்துத் தடுக்கிறது. மந்திரி ஏ5-க்குப் பின்வாங்குகிறது. அங்கிருந்து அது சி7-ஐப் பார்த்துக்கொள்ளும். வெள்ளைக்கு சி7 மீது இரண்டு காய்கள் (குதிரை, மந்திரி). கறுப்புக்கும் இரண்டு காவல்கள் (ராணி, மந்திரி). இப்போது வெட்ட ஆரம்பித்தால் வெள்ளைக்குத்தான் நஷ்டம். அடுத்து ஏ6-க்கு ஒரு சிப்பாய் வந்து குதிரையை விரட்டும். அது பலகையின் ஓரத்தில் ஏ3-ல் போய் ஒதுங்க வேண்டியதுதான்.

இதில் பெரிய இழப்பு எதுவும் இல்லை. ஆனால், மற்ற காய்களை வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரே குதிரையை அங்கும் இங்கும் ஓட்டியதுதான் மிச்சம்.

ஃபோர்க் பலித்தாலும் சிக்கல் உண்டு

சரி, எதிராளி கவனிக்கவில்லை. சி7-ல் செக், அடுத்து ஏ8 யானையையும் வெட்டியாச்சு. ஜெயிச்சாச்சா?

பலகையின் நடுவில் நிற்கும் குதிரைக்கு 8 வழிகள் உண்டு. மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே வழிகள்தான். ஏ8-ல் இருந்து பி6 அல்லது சி7. இரண்டையும் எதிராளி அடைத்துவிட்டால் குதிரை வெளியே வரவே முடியாது. அப்படியே குதிரை போனாலும், யானைக்கு 5, சிப்பாய்க்கு 1, நம் இழப்பு 3 என்று கழித்தால் 3 பாயின்ட் லாபம்தான். காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் பி5, சி7, ஏ8 என்று மூன்று நகர்த்தல்களை ஒரே குதிரைக்குச் செலவழித்திருக்கிறோம். உங்கள் ராஜா காஸ்லிங் செய்து பத்திரமாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ராஜா இன்னும் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தால், அந்த நேரத்தில் எதிராளி என்ன செய்வார் என்று பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

ஒரே கட்டம், இரண்டு கதைகள்

‘அப்போ ஃபோர்க்கே போடக் கூடாதா?’ என்று கேட்டால், உலக சாம்பியன்ஷிப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

1966, மாஸ்கோ. சாம்பியன் டிக்ரன் பெட்ரோசியனும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதிய தொடரின் 10-வது ஆட்டம். 30-வது நகர்த்தலில் பெட்ரோசியன் தன் ராணியை ஹெச்8-க்குக் கொண்டுபோய் செக் சொல்கிறார். ராணியைத் தானமாகக் கொடுக்கிறார். கறுப்பு ராஜா அதை வெட்டினால், டி6-ல் இருக்கும் வெள்ளைக் குதிரை எஃப்7-ல் நிற்கும் யானையை வெட்டும். அங்கிருந்து ஹெச்8 ராஜாவுக்கு செக், ஜி5 ராணிக்கும் அடி. ஸ்பாஸ்கி அதற்கு மேல் ஆடவில்லை. அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இப்போது முதல் பொறியைத் திரும்பப் பாருங்கள். அங்கேயும் வெள்ளைக் குதிரை எஃப்7-ல்தான். அங்கேயும் கறுப்பு ராணி ஜி5-ல்தான். தாக்கப்படும் இன்னொரு கட்டமும் அதே ஹெச்8தான். ஒன்று உலக சாம்பியனுக்கு வெற்றி தந்தது, இன்னொன்று நம்மை ஏழாவது நகர்த்தலில் வீட்டுக்கு அனுப்பியது. வித்தியாசம் என்ன?

ஹெச்8-ல் நின்றது யார் என்பதுதான். பெட்ரோசியன் ஆட்டத்தில் அங்கே நின்றது ராஜா. ஃபோர்க் விழும்போதே செக்கும் விழுகிறது. செக் என்றால் எதிராளி வேறு எதையும் செய்ய முடியாது. ராஜாவைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ராணி அப்படியே மாட்டிக்கொள்ளும். பிளாக்பர்ன் பொறியில் அங்கே நின்றது யானை. செக் இல்லை. ஆகவே கறுப்புக்கு ஒரு நகர்த்தல் இலவசமாகக் கிடைத்தது. அந்த ஒன்றில் ராணி தப்பித்தது மட்டுமல்ல, நம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. டிராக்ஸ்லரிலும் இதே கதைதான். நம் ஃபோர்க்கில் செக் இல்லை, அவர்களின் பதிலில் செக் இருந்தது.

முதல் இரண்டு பொறிகளிலும் உள்ள சூட்சுமம் இவ்வளவுதான்: செக் இல்லாத ஃபோர்க், எதிராளிக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு இலவச நகர்த்தல். அதை வைத்து அவரால் செக்கோ, அதைவிடப் பெரிய மிரட்டலோ விடுக்க முடியுமா என்று பார்க்காமல் ஃபோர்க்கைத் தொடக் கூடாது.

பேராசையா, பார்வையா?

சரி, இவ்வளவு எளிய விஷயம் ஆடும்போது ஏன் தோன்றுவதில்லை? இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் சுவாரசியமானது.

மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபே ஆகிய மூவர் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்ந்த செஸ் வீரர்களிடம் ஒரு நிலையைக் காட்டி, எவ்வளவு சீக்கிரம் மேட் வைக்க முடியும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லோருக்கும் பழக்கமான, குதிரையால் முடியும் ஐந்து நகர்த்தல் மேட். இன்னொன்று, அவ்வளவாகப் பழக்கமில்லாத மூன்று நகர்த்தல் மேட். பழக்கமான வழியைக் கண்டவர்கள், ‘இதைவிடச் சிறந்த வழியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்றுதான் சொன்னார்கள். ஆனால், கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவி வேறு சொன்னது. அவர்களின் பார்வை, முதலில் கண்ட வழிக்குரிய கட்டங்களையே சுற்றிச்சுற்றி வந்தது. பழக்கமான வழி இல்லாதபடி நிலையைச் சற்று மாற்றிக் காட்டியபோது, குறுகிய வழி அவர்களுக்குத் தெரிந்தது.

அதாவது, ஒரு நல்ல யோசனை கிடைத்த உடனே மனசு தேடுவதைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. ஆனால், தேடிக்கொண்டிருப்பதாகவே நாம் நம்புகிறோம். நம்மைவிடப் பல மடங்கு திறமையானவர்களுக்கே இப்படி என்றால், ராத்திரி 11 மணிக்கு போனில் ஆடும் நமக்கு?

அதனால்தான் ‘பேராசை’ என்ற தீர்ப்பு இங்கே சரியாகப் பொருந்தவில்லை. யானையை வெட்ட ஆசைப்படுவது தப்பில்லை. காய்களை வெல்வதுதானே ஆட்டம்! கண் அந்த யானையிடமே நின்றுபோனதுதான் பிரச்சினை. ‘பேராசைப்படாதே’ என்று திட்டு வாங்கும் குழந்தை, அடுத்த முறை நல்ல ஃபோர்க்கையும் பயந்துபோய் விட்டுவிடும். ‘நமக்கு செஸ் வராது’ என்று பலகையை மூடிவைத்தாலும் ஆச்சரியமில்லை. மாறாக, “நீ வெட்டின பிறகு அவன் என்ன ஆடுவான்னு பார்த்தியா?” என்று கேட்டால், அதற்குக் குழந்தையிடம் ஒரு பதில் இருக்கும். அடுத்த ஆட்டத்தில் பயன்படும் பதில் அது.

தட்டுவதற்கு முன் 4 கேள்விகள்

ஃபோர்க் கண்ணில் பட்ட உடனே இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். பழகிவிட்டால் பத்து விநாடிகூட ஆகாது.

1. குதிரை போய் நிற்கும் கட்டத்துக்கு எத்தனை காவல்? சிப்பாயையும் சேர்த்து எண்ணுங்கள். அங்கே காவல் நிற்பது தாக்கப்படும் காயாக இல்லாமல் வேறு காயாக இருக்கலாம்.

2. ஃபோர்க்கில் செக் இருக்கிறதா? இருந்தால் பாதிக் கவலை விட்டது. இல்லையென்றால் மூன்றாவது கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

3. எதிராளிக்குக் கிடைக்கும் அந்த ஒரு நகர்த்தலில் அவர் செக் சொல்ல முடியுமா? தாக்கப்பட்ட காயே தப்பித்துப்போய் என் ராஜாவையோ ராணியையோ மிரட்ட முடியுமா?

4. என் குதிரை இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது? வெட்டி முடித்த பிறகு அது திரும்பிவர வழி இருக்கிறதா?

இதோடு இன்னொன்று: எதிராளி ஒரு சிப்பாயை எந்தக் காரணமும் இல்லாமல் காவலின்றி விட்டால், அவர் மறந்துவிட்டார் என்று முடிவுகட்டும் முன், அவருடைய கடைசி நகர்த்தல் எந்தெந்தக் கட்டங்களைப் புதிதாகத் தாக்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள். உண்மையிலேயே மறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது தயங்காமல் வெட்டலாம்.

நாளைக்கே யாராவது உங்களிடம் சி6 குதிரையை டி4-க்குத் தூக்கிப் போடலாம். இ5-ல் சிப்பாய் அநாதையாக நிற்கும். வெட்டினால், அதைத் தாண்டி எஃப்7 ஃபோர்க்கும் மின்னும். இந்த முறை டி4 குதிரையை வெட்டிவிட்டு, காஸ்லிங் செய்துவிட்டு, எதிராளி எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.